அரிசிப் பையில் நீ வரைந்த என் வாய்

இன்று காலை அரிசிப் பையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் திறந்தேன். இருபது பவுண்டு சோனா மசூரி. பையின் வாயில் தைத்திருக்கும் வெள்ளை நூலை எந்த முனையில் பிடித்து இழுக்க வேண்டும் என்பது இத்தனை வருட அமெரிக்க வாழ்க்கையில் எனக்குப் பிடிபடவே இல்லை. நீ வந்தால் பையை ஒருமுறை திருப்பிப் பார்ப்பாய், ஒரு முனையைக் கிள்ளி எடுப்பாய், சர்ரென்று ஒரே இழுப்பில் மொத்தத் தையலும் கையோடு வந்துவிடும். "இதுக்குப் போயி கத்தரிக்கோலா? தள்ளுங்க மேடம் ஆர்ட்டிஸ்ட்" என்பாய். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும். ஒரு நூலுக்குக்கூடவா ஒருத்தி இன்னொருத்தி மேல் பொறாமைப்படுவாள் என்று கேட்காதே. பட்டேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்றும் பட்டேன்.

இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பட்டேன். நீ அரிசிப் பையில் வரைந்த படத்தை இங்கே நம்மூர் நூலகத்தில் நிரந்தரமாக மாட்டப் போகிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் சின்ன அட்டைக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி உன் மகள் போன வாரம் போன் செய்தாள். "ஆன்ட்டி, அன்னைக்கு அம்மாகூட நீங்கதான இருந்தீங்க. நீங்க எழுதினாதான் கரெக்டா இருக்கும். மண்டேக்குள்ள அனுப்பிடுங்க, ப்ளீஸ்" என்றாள். அழகான தமிழ். நான் தமிழில் கூப்பிட்டால் என் மகள் மாடியிலிருந்து "வாட்?" என்கிறாள். உன் மகள் மட்டும் எப்படி இப்படி வளர்ந்தாள் என்று அதற்கும் ஒரு மூச்சு உன்னைத் திட்டிவிட்டுத்தான் சரியென்றேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. இன்று காலைவரை அட்டை காலியாகத்தான் இருந்தது.

நான் சென்னையில் ஐந்து வருடம் ஓவியம் படித்தவள். இதை இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊரில் நான் சொல்லாத ஆள் கிடையாது. கிரீன் கார்டு வந்த வருடம் பேஸ்மென்ட்டில் சனிக்கிழமை டிராயிங் கிளாஸ் தொடங்கினேன். நீ மகளைக் கொண்டுவந்து விடுவதற்காக வந்தவள். மருந்துக் கம்பெனி லேபில் வேலை, ஓவியத்துக்கும் உனக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஒரு சனிக்கிழமை நல்ல மழை, காரில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் உள்ளே வந்து, எட்டு வயதுக் குழந்தைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தாய். "எனக்கும் ஒரு பேப்பர் குடேன்" என்றாய். மேசை மேல் நான் மூன்று ஆப்பிள்களை அடுக்கி வைத்திருந்தேன். எல்லாக் குழந்தைகளும் ஆப்பிளை வரைந்தார்கள். நீ படிக்கட்டுக்குக் கீழே குவிந்து கிடந்த அவர்களுடைய ஈர ஷூக்களை வரைந்தாய்.

நிழல் தப்பு, அளவு தப்பு. ஆனால் எந்த ஷூ எந்தப் பிள்ளையுடையது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். "பரவால்லையே" என்றேன். நம் இருவரில் ஓவியக்காரி யார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது எனக்கு.

உன் முகத்தைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. உன் அப்பாவைப் பெற்றவள் பர்மாக்காரி. குடும்பம் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறியது. அந்தக் கண்ணும் கன்னமும் அப்படியே உனக்கு வந்திருந்தன. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் புதிதாக வந்த யாராவது உன்னிடம் இங்கிலீஷில் பேச ஆரம்பிப்பார்கள். "அண்ணே, நான் மெட்ராஸ்தான், சக்கரைப் பொங்கல் காலியாகுறதுக்குள்ள நகருங்க" என்பாய். சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்பைக் கிளப்புகிற சாமர்த்தியத்தின் மேலும் எனக்கு ஒரு கண் இருந்தது.

பிறகு கொரோனாவின் அந்த மார்ச் மாதம் வந்தது. எல்லோரும் பஞ்சம் வந்ததுபோல அரிசி வாங்கிக் குவித்தோம். நம் வாட்ஸப் குழுவில் சீனாக்காரர்களைக் கிண்டலடிக்கும் வௌவால் சூப் ஜோக்குகள் வரிசையாக வந்தன. நானும் ஒன்றை அனுப்பினேன். அந்தக் குழுவில் நீ இருக்கிறாய் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. இல்லை, உண்மையைச் சொல்கிறேன். ஞாபகம் வந்தது. "இவ நம்ம ஆளுதானே, சிரிப்பா" என்று நினைத்தேன்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் வரிசை. தரையில் ஆறடிக்கு ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். உனக்கு ஒரு பட்டை, உனக்குப் பக்கவாட்டில் தள்ளி எனக்கு ஒன்று, நமக்குப் பின்னால் நீல நிறத் தொப்பி வைத்த மேலங்கியில் ஒரு வயதான அம்மாள், காலி வண்டியைப் பிடித்துக்கொண்டு. சீனாவோ கொரியாவோ, தெரியாது. ஒரு பிக்கப் டிரக் மெதுவாக வந்தது. கண்ணாடி இறங்கியது. அந்த ஆள் உன்னைப் பார்த்துக் கத்தியதை இங்கே எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும். நோயைக் கொண்டுவந்தவளே, உன் ஊருக்குப் போ என்பதுதான் சாரம். கையிலிருந்த காபிக் கோப்பையை உன் மேல் வீசினான். பாதிக் காபி. உன் சாம்பல் நிறக் கோட்டில் தோளிலிருந்து வழிந்தது.

நான் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. கையை நீட்டி உன்னைச் சுட்டிக்காட்டிக் கத்தினேன்.

"ஷி இஸ் நாட் சைனீஸ்! ஷி இஸ் இந்தியன்!"

டிரக் போய்விட்டது. நான் கைப்பையில் டிஷ்யூ தேடினேன். நீ கோட்டைத் துடைக்கக்கூட இல்லை. உடனே திரும்பிப் பின்னால் பார்த்தாய். அந்த அம்மாள் மேலங்கியின் தொப்பியை இழுத்துக் கண்வரை மூடிக்கொண்டிருந்தாள். "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாய். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காலி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, எதுவும் வாங்காமல், தன் காரைப் பார்த்து நடந்து போனாள்.

நாமும் வாங்கவில்லை. அவரவர் காரில் ஏறி உட்கார்ந்தோம். எதிரெதிரே நிறுத்தியிருந்ததால் கண்ணாடி வழியாக உன் முகம் தெரிந்தது. போனில் கூப்பிட்டாய்.

"ஏண்டி, சைனீஸா இருந்தா ஊத்தலாமா?"

"நான் அப்படிச் சொல்லலடி. உனக்காகத்தான்..."

"எனக்காகத்தான். தெரியும். ஸ்கூல்ல என்னைச் சப்பமூக்கின்னு கூப்பிடுவாளுங்க. அப்பல்லாம் எங்கப்பா வந்து என்ன சொல்வாரு தெரியுமா? 'எம்பொண்ணு தமிழச்சி'ம்பாரு. ஒரு தடவைகூட 'கூப்பிடாதீங்கடி'ன்னு சொன்னதில்ல."

போனை வைத்துவிட்டாய். நான் வீட்டுக்கு வந்து, கணவரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் கத்தினேன் என்று சொன்னேன். என்ன கத்தினேன் என்று சொல்லவில்லை.

பத்து நாள் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. அந்தப் பத்து நாளில் நானும் ஒரு படம் வரைந்தேன். பூமி உருண்டை, அதைச் சுற்றிப் பல நிறக் கைகள், மேலே ஒரு வெள்ளைப் புறா. வாட்டர்கலர், சுத்தமான வேலை. பேஸ்புக்கில் போட்டேன். கோயம்புத்தூர் அத்தை நாலு கும்பிடு போட்டிருந்தாள்.

பதினொன்றாம் நாள் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். கடைகள் மூடிக் கிடந்ததால் கேன்வாஸ் கிடைக்கவில்லை, வீட்டில் காலி அரிசிப் பை நிறைய இருந்தது. தையலைப் பிரித்து, பையை விரித்து, வெள்ளைப் பெயின்ட் அடித்து அதில் வரைந்திருந்தாய். 'இருபது பவுண்டு' என்ற அச்செழுத்தை மட்டும் மூலையில் மறைக்காமல் விட்டிருந்தாய். ஓரத்தில் டிரக், நடுவில் நீ, தோளில் காபிக் கறை. பின்னால் தொப்பியை இழுத்து மூடும் ஒரு கை. பக்கத்தில் நான், கை நீட்டி, வாய் பிளந்து. பார்த்தவுடன் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. நான் ஏன் இதை வரையவில்லை என்பதுதான் வந்தது. நானும் அங்கேதானே நின்றேன். எனக்கும் கண் இருந்ததே.

அதோடு நிற்கவில்லை நீ. நெயில் சலூன் மூடிப்போன கொரியாக்காரப் பெண், டேக்அவுட் கடையின் கண்ணாடியை உடைத்தபின் பலகை அடித்து நிற்கும் சீனாக்காரர், வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராத பிலிப்பைன்ஸ் நர்ஸ். அவர்கள் வீட்டு வாசலில் தள்ளி நின்று பேசிப் பேசி வரைந்தாய். ஒவ்வொருவரிடமும் அவர்கள் வீட்டுக் காலி அரிசிப் பையையே கேட்டு வாங்கினாயே, அது எனக்கு ஐந்து வருடப் படிப்பில் யாரும் சொல்லித்தராதது. நடைபாதையைப் பார்த்த உன் வீட்டு வேலியில் துணி காயப்போடுவதுபோலக் கிளிப் போட்டு மாட்டினாய். நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்றார்கள். பிறகு பத்திரிகைக்காரர்கள் நின்றார்கள். நூலகம் திறந்ததும் அங்கே கண்காட்சி.

இதையும் எழுதிவிடுகிறேன், நீ படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில். அந்தக் காபி என் மேல் விழுந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். என் தோளில் விழுந்திருந்தால் அது என் படமாகியிருக்குமே என்று. நீ அதற்குப் பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனாய், கையில் கார் சாவியை ஆயுதம்போல விரலிடுக்கில் பிடித்தபடி. அதைப் பார்த்துக்கொண்டே இப்படி நினைத்தேன். என்னை நானே மன்னிக்க முடியாத நினைப்பு இது.

கண்காட்சியில் எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். படத்தில் என் கை உனக்கும் டிரக்குக்கும் நடுவில் மறைப்பதுபோல நீண்டிருந்தது. சுட்டிக்காட்டிய கை அது. பார்க்கிறவர்களுக்குத் தடுக்கிற கை. "அந்த ஃப்ரெண்டு நீங்கதானா? சூப்பர் போங்க! எங்களுக்கெல்லாம் வாயே வந்திருக்காது" என்றார்கள் நம் சங்கத்துப் பெண்கள். நான் சிரித்தேன். பக்கத்தில்தான் நின்றாய் நீ, பேப்பர் கப்பில் டீயை ஊதிக்கொண்டு.

உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் கேட்டேன். அந்த வாரம் உன்னை டிரைவ் பண்ணிக் கூட்டிப்போகும் முறை என்னுடையது.

"ஏண்டி என்னை அப்படி வரைஞ்சே? எல்லாரும் நான் என்னவோ சண்டை போட்டேன்னு நினைக்கிறாங்க."

"வாயத் தொறந்தியா இல்லையா?"

"தொறந்தேன்."

"அதான் வரைஞ்சேன். என்ன சொன்னேங்கிறதெல்லாம் படத்துல வராதுடி. அத நீதான் சொல்லணும்." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாய். "அவசரமில்ல."

கோபமே இல்லை உன் குரலில். கோபமில்லாமல் இருக்க முடிந்ததே உன்னால், அதன் மேலும் பொறாமைதான்.

இந்த வாரம் முழுக்க அட்டைக்கு வரி எழுதி எழுதி அடித்தேன். "அருகில் நின்ற தோழி உடனே குரல் எழுப்பினார்" என்று ஒன்று. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதை அனுப்பியிருந்தால் உன் மகள் நன்றி சொல்லியிருப்பாள், நூலகச் சுவரில் நான் தைரியசாலியாகவே காலத்துக்கும் நின்றிருப்பேன். உன் படத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அது. அதை விடுவதற்குத்தான் இத்தனை நாள்.

இன்று காலை வெட்டின வேகத்தில் பை சாய்ந்து அரிசி மேசையெல்லாம் கொட்டியது. கையால் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதினேன்.

"படத்தில் கை நீட்டிக் கத்துகிறவள் நான். நான் கத்தியது: இவள் சீனாக்காரி இல்லை, இந்தியாக்காரி. பின்னால் நின்ற பெண்மணிக்கு அது கேட்டது. அவர் எதுவும் வாங்காமல் திரும்பிப் போனார். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. இதை வரைந்தவர் என் தோழி."

உன் மகளுக்கு அனுப்பிவிட்டேன். மத்தியானம் பதில் வந்தது. "ஓகே ஆன்ட்டி. அப்படியே பிரின்ட் பண்ணச் சொல்றேன்." அவ்வளவுதான். அவள் என்னைப் பற்றி இனி என்ன நினைப்பாள் என்று தெரியவில்லை. நம் சங்கத்துப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். தரையில் ஒட்டிய பட்டைகளெல்லாம் எப்போதோ தேய்ந்து போய்விட்டன. இருந்தாலும் அந்த வரிசையில் நின்றால் இப்போதெல்லாம் முதலில் திரும்பி, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். உன்னிடமிருந்து வந்த பழக்கம். நீ காபி சொட்டச் சொட்ட அந்த நிமிடமே திரும்பினாய், எனக்கு இத்தனை வருடம் ஆனது. இதிலும் நீதான் முந்திக்கொண்டாய்.