வசனத்துக்கு விட்ட இடம்

வசம்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வாசலைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். இந்த வயதிலும் அப்படித்தான். என் கையொப்பப் புத்தகங்களைப் பூச்சி அரிக்காமல் இருக்க வசம்பு போட்டுத் தகரப்பெட்டியில் வைத்திருப்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது பிள்ளை மருந்து, எனக்குப் பயத்தின் வாசனை.

இன்று பெட்டியைத் திறக்க வைத்தவள் உன் மகள். உன்னை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அவளிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நீ எழுதி வைத்திருந்ததையெல்லாம் நீயே எரித்துவிட்டாயாம். "உங்கள் புத்தகத்தில் அம்மாவின் சின்ன வயதுக் கையொப்பம் இருக்குமே, அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாள். ஞாயிறு நாளை மறுநாள். நான் அவளுக்கு எதைக் காட்ட? என்னிடம் நாலு புத்தகம் இருக்கிறது. இரண்டு தாசில்தார்கள், ஒரு ஜட்ஜி, ஊர் ஊராகப் பல் பிடுங்கிய ஒரு வைத்தியர் எல்லாரும் இருக்கிறார்கள். நீ மட்டும் இல்லை. ஏன் இல்லை என்று அவள் கேட்டால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் கதையில் உனக்கே தெரியாத பாதி ஒன்று உண்டு. உனக்குச் சொல்லாததை உன் மகளுக்கு முதலில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் புத்தகம் எனக்கு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நம் பெண்பள்ளிக்கூடத்தைவிட்டுச் சீமைக்குத் திரும்பிப் போன துரைசாணி, முதல் பக்கத்தில் தானே கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்தாள். பிடித்தவர்களிடம் மட்டும் வாங்கு என்றாள். எனக்கு ஏது அந்தப் பொறுமை? கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நீட்டினேன். செங்கல் ஊர்க் கோவில் உற்சவத்துக்கு வந்த யானைப்பாகன் எழுதத் தெரியாமல் பெருவிரலை மையில் முக்கி ஒற்றினார். யானையிடமும் ஒன்று வாங்கித் தரச் சொன்னேன். "பிள்ளே, அது கால வச்சா ஒனக்க புஸ்தகம் தாங்காது, கேட்டியா" என்றார். நீ சிரித்த சிரிப்பில் தாவணி நுனியை வாயில் திணித்துக்கொண்டாய்.

உன் அப்பா கொல்லயில் ஊர்ச் சபையின் உபதேசியார். சபைக்காரர்கள் யாரும் என் புத்தகத்தில் வெறுமனே ஒப்பு போட மாட்டார்கள், மேலே ஒரு வசனம் எழுதி அதன் கீழேதான் போடுவார்கள். உன் அப்பாவுக்கோ எந்த வசனமும் திருப்தியில்லை. அரைமணி நேரம் வேதப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பக்கத்தின் அடியில் ஒப்பு மட்டும் போட்டுத் தந்தார். "வசனம் பொறவு எழுதித் தாறேன் மக்கா. எடம் கெடக்கட்டு."

என் அப்பா நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமஸ்தா. அவர் அதைப் பார்த்துப் பதறிப்போனார். அவர் எதில் ஒப்பு போட்டாலும் கடைசி எழுத்திலிருந்து ஒப்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிடுவார், நடுவில் யாரும் எதையும் நுழைக்காமல் இருக்க. "வெறுந்தாளிலயா ஒப்பு போடுவாரு மனுஷன்? இது ஆபத்தாக்கும்" என்றார். அதை நான் உன்னிடம் வேடிக்கையாகச் சொன்னேன். நீ வேடிக்கையாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொடுவெட்டிப் பக்கத்து மாப்பிள்ளை பேச்சு வந்தது. உனக்கோ நாகர்கோவிலில் போதனாமுறைப் பள்ளியில் சேர்ந்து வாத்தியாரம்மா ஆக வேண்டும். அப்பாவின் ஒப்போடு சம்மதக் கடிதம் வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா, "வாக்கு குடுத்தாச்சே" என்று தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் ஓடையோரம் தோட்டுக்கரையில் நீ என் கையைப் பிடித்தாய்.

"ஏட்டி, ஒனக்க புஸ்தகத்துல ஒரு பக்கம் சும்மாதானே கெடக்கு."

நான் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அதை நீயே பிறகு பலதரம் சொல்லிக் காட்டியிருக்கிறாய். ஆனால் அன்று நீ அழவில்லை. அழுதிருந்தால் தேற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உன் அப்பாவின் கடுக்காய் மையையே சிரட்டையில் கொண்டுவந்தாய், ஒப்பின் நிறமும் எழுத்தின் நிறமும் ஒத்துப்போக. எழுதினது நான். என் மகளைப் படிப்புக்கு அனுப்ப எனக்குப் பூரண சம்மதம் என்று, வசனத்துக்கு விட்ட இடத்தில், என் அப்பாவின் கச்சேரி எழுத்தைப் பார்த்துப் பழகிய கையால். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. பக்கத்தைக் கிழித்துப் பள்ளிக்கு அனுப்பியது நீதான். தையலோடு ஒட்டி ஒரு விரற்கடை தாள் மிச்சம் நின்றது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் சோறு தின்றேனா என்று எனக்கே தெரியாது. அஞ்சல்காரனின் மணிச்சத்தம் ரோட்டில் கேட்டாலே கிணற்றடிக்கு ஓடிவிடுவேன். கடைசியில் பள்ளியிலிருந்து உன் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. அவர் வாசித்தார், மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார், "மிஷன்ல கூப்பிட்டிருக்காங்க, போகட்டு" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதையே சொல்லி அனுப்பினார். பள்ளி தானாகக் கூப்பிட்டதாக அவர் நம்பிவிட்டார் என்று நாம் இருவரும் நினைத்தோம். நீ வில்வண்டியில் ஏறும்போது என் காதில் சொன்னாய்: "அப்பா என்னைக்காவது அறிஞ்சா நான் செத்தேன். நீ மூச்சு விடாண்டாம்."

உனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

நீ போன பத்தாம் நாள் உன் அப்பா எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். "வசனம் கெடச்சாச்சு மக்கா. புஸ்தகத்த எடு" என்றார். காணாமல் போய்விட்டது, கறையான் தின்றுவிட்டது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பலாமரத்தடியைவிட்டு நகரவில்லை. எவ்வளவு நேரம்தான் நிற்க விடுவது? எடுத்து வந்து கொடுத்தேன். வசம்பு வாசனை குப்பென்று வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, அந்த விரற்கடைத் தாளில் வந்து விரலை வைத்தார்.

சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். 'தங்கள் சம்மதக் கடிதம் கிடைத்தது' என்று முதல் வரியிலேயே இருந்தது. வந்த அன்றே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஏட்டி. அறிந்துதான் உன்னை வண்டி ஏற்றினார்.

நான் அழுத அழுகையில் என் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "கரையாண்டாம், கண்ணத் தொடச்சிக்கோ. நான் அறிஞ்சுதான் எனக்க மகள அனுப்பினேன். வாக்கு குடுத்த எடத்துல மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் எழும்பல்ல. நீங்க ரெண்டு பேருமா எனக்காவ வாயத் தொறந்திட்டிய."

அதோடு போயிருந்தால் நன்றாயிருக்கும். போகும்போது சொன்னார்: "அவகிட்ட சொல்லாண்டாம். அறிஞ்சா மனசு எளகி வீட்டு நெனப்பு வந்திரும். கொஞ்சம் பயம் இருந்தா படிப்பா." பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, அடுத்த பக்கத்தின் அடியில் மறுபடியும் ஒப்பு போட்டார். மேலே பக்கம் முழுக்க வெறுமையாக விட்டார். வசனம் எழுதவில்லையா என்று கேட்டேன். "இதும் கெடக்கட்டு. எப்பவாவது வேண்டி வரும்" என்றார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்கு எழுதினாய். நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நீ ஓடி வந்திருப்பாய். பண்டிகைக்கு முந்தின நாள் முழுக்கப் பாறசாலைச் சந்தியில் வண்டி பார்த்து நின்றுவிட்டு அவர் எங்கள் முற்றத்துக்கு வந்தார். "அவ கடுதாசி வல்லதும் வந்துதா மக்கா?" இல்லை என்று சொன்னேன். உன் கடிதம் அப்போது என் பெட்டியில் இருந்தது, அன்று ராத்திரியே அதை அடுப்பில் போட்டேன். உன் பயத்தை அவரிடம் சொன்னால் வாக்கு என்ன ஆகும், அவர் சொன்னதை உன்னிடம் சொன்னால் வாக்கு என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் பயந்தே வாயைப் பூட்டிக்கொண்டேன். பாழாய்ப்போன வாக்கு.

அடுத்த புரட்டாசியில், கன்னி மாத மழையில், விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. கல்லறைத் தோட்டத்தில் நீ என் தோளில் விழுந்து, "அப்பாவ ஏமாத்தினவளாவே நின்னுட்டேனே" என்று அழுதாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, கிறிஸ்துமஸுக்கு முன்னே ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்தக் கேள்வியைத் தாங்க எனக்குத் திராணி இல்லை. நான் கோழை, ஏட்டி. முப்பது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு தடவை உன்னைப் பார்க்கும்போதும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன்.

நீ எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாய்! என் புத்தகத்தை நீட்டினால் மட்டும் பின்வாங்குவாய். "அதக் கண்டா எனக்குக் கை வெறைக்கும், போ அங்கிட்டு." நானும் அதன்பிறகு யாரையும் பக்கத்தின் அடியில் ஒப்பு போட விட்டதில்லை. தாளின் நெற்றியில் போடுங்கள், மேலே இடம் விடாதீர்கள் என்று ஜட்ஜியிடமே சொன்னேன். கிறுக்கச்சி என்று நினைத்திருப்பார்.

இன்று உன் அப்பாவின் அந்த இரண்டாவது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். தாள் மஞ்சளாய்ப் பழுத்துவிட்டது, ஒப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. உன் மகளுக்குக் காட்ட உன் கையொப்பம் என்னிடம் இல்லை. இது இருக்கிறது. சற்று முன்னால் மேலே ஒரே ஒரு வரி எழுதினேன். முதல் தடவை அவர் சொல்லாததை எழுதின அதே கைதான். எழுத்து கோணல்மாணலாக விழுந்திருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் இது அவர் வாயால் சொன்னது. உனக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

'நான் அறிஞ்சுதான் எனக்க மகள அனுப்பினேன்.'

எழுதிவிட்டு, கடைசி எழுத்திலிருந்து அவர் ஒப்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.