சிவப்புக் கோடு போட்ட புங்கமரம்

என் கண்ணு மணிக்கு,

உன் மரத்தை வெட்டிவிட்டார்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். பிள்ளைப்பாக்கம் இடுகாட்டில் உன் தலைமாட்டில் அம்மா நட்டாளே, அந்தப் புங்கமரம்தான். நீ லாரியில் அடிபட்டுச் செத்த வருஷம் வைத்த கன்று. உனக்குத்தான் எதிலும் அவசரம். அது நிதானமாகத்தான் வளர்ந்தது.

நான் இப்போது மரம் அளக்கிற வேலைக்குப் போகிறேன். சிரிக்காதேடா. காலேஜிலிருந்து ஒரு வாத்தியாரம்மா வந்திருக்கிறார். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப் பிடித்து விட்டம் பார்த்தால், காட்டின் மொத்த எடையும் அதில் உள்ள கரியும் கணக்குக்கு வந்துவிடுமாம். காற்றில் கலந்திருக்கிற கரியைத்தான் மரம் உடம்பாகக் கட்டிக்கொள்கிறதாம். அளந்த மரத்துக்கு டேப் சுற்றிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, ஒரு நம்பர் தகடும் அடிப்போம்.

இடுகாட்டு மரங்களையும் அளந்தோம். உன் மரத்தை மட்டும் விட்டுவிட்டோம். பத்து சென்டிமீட்டர் விட்டம்கூட இல்லாத மரம் கணக்கில் சேராது. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. கோடு போட்ட மரத்தில் விறகு வெட்டுகிறவர்கள் கை வைப்பதில்லை, சர்க்கார் மரம் என்று பயம்.

"ஊரான் மரத்துக்கெல்லாம் கோடு போட்டுக்கினு வர்ற, ஒன் தம்பி மரத்த மட்டும் வுட்டுட்டியேடி" என்றாள். சின்ன மரம், சேராது என்று சொன்னால் கேட்கிறவளா அவள்? நான் வீட்டில் வைத்திருந்த மிச்சச் சிவப்புப் பெயிண்டை எடுத்துப் போய் உன் மரத்தில் தானே கோடு பூசியிருக்கிறாள். சத்தியமாக எனக்குத் தெரியாதுடா.

போன வாரம் இங்கே புதிதாக வரப்போகிற ஒரு கம்பெனிக்கு ரோடு போட கான்ட்ராக்டர் ஆட்கள் வந்தார்கள். வெட்ட வேண்டிய மரத்துக்கு அவர்கள் போடுகிற அடையாளமும் சிவப்புக் கோடுதான். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் உன் மரம் தரையில் கிடந்தது. மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அந்த ஆள் கோபப்படவில்லை.

"தகடு இருந்தா ஒங்க மரம், வெறும் கோடு இருந்தா எங்க மரம். இதுல தகடு இல்லியேம்மா."

கிடந்த கட்டையை டேப் போட்டுப் பார்த்தேன். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் கணக்கில் சேர்ந்திருக்கும். பாவி, கொஞ்சம் சீக்கிரம் பெருத்திருக்கக் கூடாதா?

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று அடிக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நாந்தான் லேசா பூசிட்டேன் போல கீது. அவனுங்க கண்ணுக்குத் தெரியல. தளிரு வுடட்டும், இந்த வாட்டி நல்லா தடியா பூசிடறேன்."

அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

புங்கம் தளிர்க்கும், அது நிச்சயம். தளிர்த்தால் ஒரு தகட்டைத் திருடியாவது கொண்டு வந்து கட்டுவேன், வாத்தியாரம்மா திட்டினால் திட்டட்டும். ஆனால் மணி, உன்மேல் ஆணை. அந்த மரத்தை வெட்டக் கொடுத்தது தன் கைதான் என்று அம்மா சாகிறவரை அவளுக்குத் தெரியவிடமாட்டேன்.

திட்டுவதற்குக்கூட நீ இல்லாமல் தவிக்கிற,
உன் அக்கா
பிள்ளைப்பாக்கம், 1991