புதுப் பின்

12 ஆகஸ்ட் 1986, செவ்வாய்

அந்தக் காமிக்ஸின் தாள்களைச் சேர்த்துக் குத்தியிருந்த கம்பிப் பின் புதிது என்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

காலையில் அதை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினான். முப்பது வருடத்துக்கு முந்தைய முதல் இதழ். தாராவியின் ஒற்றை அறையை விட்டுப் போக, செம்பூர் வீட்டுக்கென்று சேர்த்த முன்பணம் முழுவதையும் நேற்று அதற்குக் கொடுத்துவிட்டான். கொலாபாவில் ஒருவர் இரண்டு மடங்கு தருவாராம்.

"ஏட்டி, நீதான் லைப்ரரிக்காரி. பாரு, ஒரு மடிப்பு கெடையாது!"

"பிள்ள பொறந்தா இந்தப் பொம்மப் புக்குலதான் படுக்கப் போடணும்" என்றாள் மதினி. அவளுக்கு இது ஏழாம் மாதம். ஆனாலும் சிரித்தாள்.

நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. பம்பாய் மழைக்கு மூன்றே வருடத்தில் பின் துருப்பிடித்துவிடும். முப்பது வருடம் பாந்த்ரா வீட்டுப் பெட்டியில் கிடந்ததாக விற்றவன் சொன்ன இதில் பின் பளபளத்தது. அட்டை வேறு பிரதியிலிருந்து எடுத்து மாட்டியது. விற்றவன் மதியம் வரை தாதர் லாட்ஜில் இருப்பான் என்று அண்ணனே சொன்னான். அப்போதும் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போனேன். அவன் முகத்தை அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

மாலையில் கொலாபாக்காரர், ஒட்டு வேலை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் தாதருக்கு ஓடியபோது அந்த லாட்ஜ் அறையில் வேறு ஆள் இருந்தான்.