உங்கள் கால் நீளத்துக்கு இறுகிப்போன சீற்

என் ஆசை இஞ்சாருங்கோவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போதும் வரமாட்டேன் என்கிறது. ஆகவே பரந்தன் சந்தி முழுக்கக் கேட்கக் கூப்பிட்ட அதே கூப்பாட்டில் தொடங்குகிறேன். இஞ்சாருங்கோ, சீற் கழன்றுவிட்டது! உங்கள் காரின் டிரைவர் சீற்!

முதலில் இருந்து சொல்கிறேன். முந்தின கிழமை வவுனியாவில் லைசென்சுக்கு ஓடிக் காட்டினேன். என் கட்டைக் கால் பிரேக்குக்கு எட்ட, நீங்கள் என்னைக் குளக்கட்டில் ஓடவிட்டபோது செய்தது போலவே முதுகுக்குத் தலையணை, அதற்குப் பின்னால் மடித்த பாய். சோதனை எடுக்கிற ஐயா எட்டிப் பார்த்தார். “பிள்ளை, பிரேக் போடேக்கை தலையணை நழுவினா என்ன செய்வீர்? சீற்றை முன்னுக்குப் பூட்டிக்கொண்டு வாரும். வெள்ளிக்கிழமை பாப்பம்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

உங்கள் தம்பிக்கு அது போதுமாக இருந்தது. “விடுங்கோ மச்சாள். அந்தச் சீற் இனி அசையாது. யாழ்ப்பாணத்திலை ஒராள் காரைக் கேக்கிறார், சனிக்கிழமை வந்து பாப்பார். நீங்கள் பிள்ளையளோடை எங்கடை வீட்டிலை வந்து இருங்கோ” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கார் போனால் நான் அவர் வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கார் நின்றால் வாடகைக்கு ஓடி என் உலையை நானே வைப்பேன். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

சீற்றை நிலத்தட்டோடு பிடிப்பது நாலே நாலு போல்ட். முன்னுக்கு வேறு நாலு துளையும் இருக்கிறது. கழற்றி அதில் பூட்டினால் சரி. ஆனால் கழன்றால்தானே? முல்லைத்தீவில் இருந்து சூசையண்ணனின் மீன்கூடைகளை ஏற்றி வந்தது யார்? பின்னுக்கு இடமில்லை என்று பாரை மீனைத் தன் சீற்றுக்குக் கீழே தள்ளியது யார்? வடிந்த உப்புத் தண்ணீரெல்லாம் போல்ட்டுக்குள் இறங்கி, துரு பிடித்து, நட்டும் போல்ட்டும் ஒரே இரும்பாகிக் கிடந்தன. அப்போதே கத்தினேனே, கேட்டீர்களா?

மாமி, அதுதான் உங்கள் அம்மா, தன் முழங்காலுக்குப் பூசும் நல்லெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார். “எனக்கே சுகம் வந்தது, இதுக்கு வராதோ?” என்றார். வந்தது என்ன? ஸ்பானர் வழுக்கி என் விரல் மூட்டில் தோல் போனதுதான் மிச்சம். நல்லெண்ணெயைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன்.

நட் காருக்குக் கீழே இருக்கிறது. பாயை விரித்து நான் கீழே நுழைந்தேன். “புருசன் செத்தவள் சந்தியிலை காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாளெண்டு சனம் கதைக்கப்போகுது” என்று மாமி தன் சேலைகளைக் காரைச் சுற்றி மறைப்பாகக் கட்டினார். பிறகு உள்ளே ஏறிப் போல்ட்டின் தலையை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நின்ற சனம் வந்து, உள்ளே யாருக்குப் பிள்ளைப்பேறு என்று கேட்டதாம்!

மல்லாந்து கிடந்தால் வலம் இடம் குழம்பிவிடுகிறது. முழுப் பலத்தோடு நான் இழுத்தது கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம். “டக்” என்று ஒரு சத்தம். முறிந்தது என்றே நினைத்தேன். பிழையை உணர்ந்து மறுபக்கம் திருப்பினால், ஐயோ, நட் வருகிறது! இறுக்கியதில் துருவின் பிடி விட்டிருக்கிறது.

“மாமி, சுத்துது! சுத்துது!”

“ஆருக்கு, பிள்ளை? தலையோ?”

சிரித்துச் சிரித்து என் கண்ணுக்குள் துரு விழுந்தது. அடுத்த இரண்டையும் தெரிந்துகொண்டே கொஞ்சம் இறுக்கி, பிறகு கழற்றினேன். நாலாவதுதான் அடங்காப்பிடாரி. நட்டின் மூலையெல்லாம் மழுங்கி ஸ்பானர் சும்மா சுற்றியது. இனி உளியை வைத்து அடித்து நட்டைப் பிளப்பதுதான் வழி.

உளியை வைத்தேன். கை எழும்பவில்லை. நீங்கள் இருந்து இருந்து பள்ளம் விழுந்த சீற் அது. உங்கள் கால் எட்டிய தூரம் இந்த வீட்டில் வேறெங்கே இருக்கிறது? சுத்தியலை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். மாமிக்கு மேலே கேட்டிருக்க வேண்டும். சீற்றைத் தட்டிச் சொன்னார்:

“அடி, பிள்ளை. என்ரை பிள்ளை எழும்பிப் போயிட்டான். இனி நீ இரு.”

அடித்தேன். மூன்றாம் அடியில் நட் பிளந்து என் காதடியில் விழுந்தது. மாமி மேலே கைதட்டினார்!

கிளிநொச்சியில் புது நட்டும் போல்ட்டும் வாங்கி, சீற்றை முன்னுக்குப் பூட்டினேன். ஏறி இருந்து காலை நீட்டினேன். பிரேக் எட்டியது, கிளச் எட்டியது. ஹோர்னை அமத்திய அமத்தில் பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள். நேற்று வெள்ளிக்கிழமை. அந்த ஐயா என் பாதத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், வவுனியா முழுக்க ஓடவிட்டார். “ஓம், சரி பிள்ளை” என்றார். பாஸ்! நான் பாஸ்! புளியங்குளம் தாண்டி வரும்போது, கூட வந்த உங்கள் தம்பி கதவுப் பிடியை விடவே இல்லை. ஆனால் இன்று கார் பார்க்க வந்தவரிடம் அவர்தான் வாசலில் நின்று, “மச்சாள் விக்கேல்லையாம். அவாவே ஓடப்போறா” என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. இனி அந்தச் சீற்றில் உங்களால் இருக்க முடியாது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். ஆனால் பக்கத்துச் சீற் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் கால் நீளத்துக்கு. அதன் போல்ட்டில் ஒருநாளும் ஸ்பானர் வைக்கமாட்டேன். இது சத்தியம். வாருங்கோ, ஏறி இருங்கோ. நான் ஓடுறன்.

இப்படிக்கு,
உங்கள் மனுசி