எட்டு கம்ப்யூட்டரும் ரீட்டாவின் புதுநன்மையும்

செப்டம்பர் 26, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வாசல்வரை தண்ணீர். மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. ஆபீசுக்கு பஸ்.

பினாங்குத் தலைமை ஆபீசிலிருந்து பொட்டலம் வந்தது. தோட்டத்து ஆள் வருகைப் பதிவுக்குப் புதிய புரோகிராம், டிஸ்கெட் இரண்டு. அக்டோபர் முதல் தேதியிலிருந்து இதில்தான் பதிய வேண்டும். அது ஞாயிறு. போனில் அங்கிருந்த ஆள்: "ஞாயித்துக்கெழம ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க, நிம்மதியா போட்டுக்குங்க." இங்கே கெடாவில் வெள்ளிதான் லீவு, ஞாயிறு வேலை நாள் என்று எத்தனை தடவை சொல்வது!

அதே ஞாயிறு என் மகள் ரீட்டாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நன்மை அப்பம் வாங்கும் நாள். எட்டரைப் பூசை. இங்கே எட்டு கம்ப்யூட்டர், ஒன்றுக்கு இருபது நிமிஷம், போடத் தெரிந்தவன் நான் ஒருவன். சனி சாயந்திரம்வரை பழையது வேண்டும். ஐந்தடித்ததும் காவல்கார ஜாகா பூட்டிவிடுவார்.

செப்டம்பர் 27, புதன்

மானேஜர் என்சிக் யூசோப்பிடம் கேட்டேன். ஞாயிறு பத்து மணிவரை லீவு கிடைத்தது. "தாப்பி, சூசை, கம்ப்யூட்டர் மெஸ்தி ஜாலான்." நான் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடியாக வேண்டுமாம்.

அப்படியானால் தானாகவே நடக்க வேண்டும். யோசனை: புதிய புரோகிராமை செர்வரில் வைத்துவிடுவது. காலையில் சுவிட்சைப் போட்டதும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் தேதியைப் பார்க்கும். அக்டோபர் வந்துவிட்டால் செர்வரிலிருந்து புதியதைத் தானே எடுத்துக்கொள்ளும். பதினோரு வரிக் கட்டளை. சாப்பாட்டை மறந்து எழுதினேன்.

வாங்க: வெள்ளை ரிப்பன், மெழுகுதிரி, காலுறை.

இரவு ரீட்டாவுக்கு பிஸ்கட் துண்டை வைத்துப் பழக்கம். நாக்கை நீட்டும்போதெல்லாம் சிரிப்பு. எட்டு வயது. "பீடத்து முன்னாடி சிரிச்சா சிஸ்டர் கொன்னுடுவாங்கப்பா. நீங்க நல்லா பாத்து, சிரிச்சேனா இல்லையான்னு சொல்லணும்." சரி என்றேன்.

செப்டம்பர் 28, வியாழன்

அரை நாள். கட்டளையில் அக்டோபர் முதல் தேதிக்குப் பதில் இன்றைய தேதியை வைத்துச் சோதனை. எட்டில் ஒன்றுகூட அசையவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தேதி கேட்கும். யாரும் அடிப்பதில்லை. என்டரைத் தட்டிவிட்டு கோப்பி கலக்கப் போய்விடுவோம். தேதி அடிக்காவிட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று அதுவே வைத்துக்கொள்ளும். ஆக, எட்டும் இன்னும் அந்த ஜனவரியிலேயே இருக்கின்றன. மற்றவர்களைச் சொல்ல வாயில்லை, நானும் அப்படித்தான்.

செப்டம்பர் 30, சனி

எட்டுத் திரையிலும் சீட்டு ஒட்டினேன். நாளை 10-01-89 என்று அடிக்கவும். மாதம் முதலில்.

திகாம் பத்து என்ற தோட்டத்தின் பதிவைப் பார்க்கும் கோவிந்தன் அண்ணன் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "என்ன தம்பி இது, தலகீழா? முப்பது வருசமா நான் தேதியத்தான் மொதல்ல எழுதுறேன் லா." பழக்கதோஷத்தில் 01-10 என்று அடித்தால் அது ஜனவரி பத்து. புதியது வராது. மூன்று தடவை சொன்னேன். "செரி செரி, போய் புள்ளய கவனி."

மெர்போக் தோட்டப் பதிவைப் பார்க்கும் லெட்சுமியிடம், கோயிலை ஒட்டியிருக்கும் ஃபாதர் வீட்டுப் போன் நம்பரைக் கொடுத்தேன்.

"எட்டும் சரியா வந்தாலும் ஒரு போன் அடிச்சிடு."

"எதுக்கு அண்ணே? வரலேன்னா அடிக்கிறேன்."

"இல்ல, அடி. எனக்கு இருப்புக் கொள்ளாது."

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடமும் சொல்லி வைத்தேன், போன் வந்தால் என்னைக் கூப்பிட. மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

வெயில். ஆபீஸ் எட்டுக்குத் திறக்கும், எட்டேகாலுக்குப் போன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வரவில்லை. பூசை தொடங்கியது. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. கோவிந்தன் அண்ணன் 01-10 அடித்துவிட்டார், சந்தேகமே இல்லை. வாட்ச். பக்கவாசல். மறுபடி வாட்ச்.

ஒன்பதேகால். பிள்ளைகள் வரிசை. ரீட்டா ஆறாவது. மூன்றாவது பிள்ளை நன்மை வாங்கும்போது பக்கவாசலில் கோயில்பிள்ளை கை காட்டினார். ஓடிப் போய் ஓடி வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

போனில் லெட்சுமி: "அண்ணே, எட்டும் வந்திருச்சு! கோவிந்தன் அண்ணனுக்கு சைக்கிள் பஞ்சர், இப்பத்தான் வந்தாரு, அதான் லேட்டு. சீட்டப் பாத்துப் பாத்து ஒவ்வொரு எழுத்தா அடிச்சாரு. நீங்க சும்மா பயந்தீங்க."

திரும்பி வந்தபோது ரீட்டா பெஞ்சில் முழந்தாளிட்டிருந்தாள், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு.

பத்துக்கு ஆபீஸ். எட்டும் ஓடுகின்றன. என்சிக் யூசோப் கை கொடுத்தார், "பாகூஸ்" என்றார். எனக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

சாயந்திரம் ரீட்டா வெள்ளைக் கவுனைக் கழற்றாமல் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் சிரிச்சேனா?"

"இல்லம்மா. நல்ல பிள்ளையா நின்னே."

அடுப்படியிலிருந்து ஸ்டெல்லா: "சிரிச்சாளே! அவளப் பாத்து ஃபாதரே சிரிச்சிட்டாரு. நீங்க எங்க பாத்தீங்க?"

ரீட்டா என் முகத்தைப் பார்த்தாள். மடியை விட்டு இறங்கிப் போனாள்.