சாம்பலைச் செவ்வாய்க்கிழமை அள்ளலாம்

மார்ச் 3, ஞாயிறு

இன்று கோழி கொஞ்சம், புகை நிறைய.

கரி பற்றவே இல்லை. விசிறினேன், ஊதினேன், திட்டினேன். கண்ணீரும் கம்பலையுமாக நான் நிற்க, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் இருமிக்கொண்டே "வாசனை பிரமாதம்" என்றார். பொய் சொல்லவும் நல்ல மனசு வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புற கிரில் என்றால் இந்தத் தெருவில் நான்தான். ஆனால் அண்ணி ஷெட்டுக்குள் போய்க் கரி மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "சிமெண்ட் தரையில, வாயைக் கூடக் கட்டாம வச்சிருக்கே. ஈரத்தை உறிஞ்சாம என்னம்மா பண்ணும்?"

உண்மைதான். அதனால்தான் எரிச்சல்.

அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, "கொஞ்ச நாள்" என்று சொல்லி எங்களிடம் வந்திருக்கிறார். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெரிய பெட்டியைப் பிரிக்கவே இல்லை. "எதுக்குப் பிரிச்சுக்கிட்டு" என்று ஷெட்டில் வைத்திருக்கிறார்.

மார்ச் 4, திங்கள்

டிரைவிங் வகுப்பு முடிந்து, பயிற்சிக் காரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் ஷெட்டை அடையாளம் தெரியவில்லை. அண்ணி கரியை வெயிலில் பரப்பிக் காயவைத்து, மூடி போட்ட தகர டிரம்மில் கொட்டி, டிரம்மை மரப்பலகை மேல் ஏற்றி வைத்திருக்கிறார். மண்ணெண்ணெய் பாட்டில் எங்கோ நாடு கடத்தப்பட்டுவிட்டது. டிரம்மில் ஒரு சீட்டு வேறு: 'கரி'. உள்ளே கரிதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

காலியான காகித மூட்டையைக் கூடத் தட்டி, மடித்து, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வைத்திருக்கிறார்.

நன்றி சொன்னேன். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் சாம்பலை அள்ளினேன். ஞாயிற்றுக்கிழமைச் சாம்பலைச் செவ்வாய்க்கிழமைதான் அள்ளுவேன். கிரில் மூடியைப் போட்டு, காற்றுத் துவாரங்களை அடைத்து அப்படியே விட்டுவிட வேண்டும். பிறகு இரும்பு வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கிளறி, அதற்கப்புறம்தான் குப்பை.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு நாளா அழுக்கை வச்சிருக்கியே, உனக்கு எப்படித் தூக்கம் வருது? ஆபரேஷன் முடிஞ்சா கை உறையைக் கழட்டறதுக்கு முன்னாடி கத்தியைக் கழுவப் போட்டுடுவேன் நான்."

எனக்கும் வாய் சும்மா இருக்குமா? "சோம்பேறித்தனம்தான் அண்ணி, பரம்பரை நோய்" என்றேன். வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

என் சமையலறையில் என் கரண்டி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

மார்ச் 8, வெள்ளி

அண்ணியின் பழைய தோழி போனில் கூப்பிட்டாள். அவளும் நர்ஸாக இருந்தவள், வேறு ஊரில் ஒற்றை அறை வீடு. "இங்கே வந்துடு, ரெண்டு பேரும் இருந்துக்கலாம்"னு சொல்கிறாளாம். அண்ணி சாப்பிடும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்காரர் தண்ணீர் குடித்தார். நான் "ஓஹோ" என்றேன்.

என்ன பதில் அது, ஓஹோ?

மார்ச் 10, ஞாயிறு

பெருமையாகச் சொல்கிறேன், இன்றைய நெருப்பு மாதிரி நான் போட்டதே இல்லை. காய்ந்த கரி, ஒரே தீக்குச்சி. சோளம், உருளைக்கிழங்கு, கோழி, எல்லாம் பதம். பல் டாக்டர் மூன்று கோழிக்கால் சாப்பிட்டார், இந்தத் தடவை அவர் எதுவும் சொல்லவில்லை, வாய் காலியாக இல்லை. அண்ணி இடுக்கியை வாங்கி அவரே சோளத்தைப் புரட்டினார். ஒரு தடவை சத்தமாகச் சிரிக்கக் கூடச் செய்தார். இந்த வீட்டில் அவர் சிரிப்பது பழகினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எனக்கே ஆச்சரியம்.

நாளைக் காலை மாணவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட். சீக்கிரம் படுக்கப் போகிறேன். "நான் பாத்துக்கறேன், நீ போம்மா" என்றார் அண்ணி.

மார்ச் 11, திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

விடிந்ததும் பின்கதவைத் திறந்தேன். கிரில் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஷெட் கதவின் இடுக்கில் புகை.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எழுதினால் பொய். எனக்கு இரண்டும் ஓடின. குழாயைத் திறந்துவிட்டு, கதவை எட்டி உதைத்தேன். பல் டாக்டர் பல் தேய்த்துக்கொண்டே வேலி தாண்டி அவர் குழாயோடு வந்தார். வீட்டுக்காரர் வாளி. கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. மரப்பலகை போயிற்று, என் 'L' பலகைகள் போயின, அண்ணியின் பெட்டி போயிற்று.

நடந்தது இதுதான். நான் தூங்கப் போன பிறகு அண்ணி கிரில்லைக் கழுவிச் சுத்தம் செய்திருக்கிறார். சாம்பலை அந்தக் காலிக் காகித மூட்டையில் அள்ளிப் போட்டு, வாயை மடித்து, கிளிப் மாட்டி, 'சாம்பல்' என்று எழுதி ஒட்டி, பலகை மேல் டிரம்முக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்திருக்கிறார். வெளியே வெள்ளையாக, ஆறிப்போன மாதிரித்தான் இருந்திருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை கட்டுரையில் எழுதியிருப்பேன். நேரில் பார்த்தது இன்றைக்குத்தான்.

அண்ணி ஈரத்தில் நின்றுகொண்டு பெட்டியையே பார்த்தார். உள்ளே முழுக்க அவருடைய வெள்ளைச் சீருடைகள். "ஆபரேஷன் முடிஞ்சு எண்ணினா, என் தியேட்டர்ல ஒரு பஞ்சு கூடக் கணக்கு தப்பினதில்ல" என்றார். அவ்வளவுதான்.

நான்தானே சோம்பேறித்தனம்னு சொன்னேன். ரெண்டு நாள் ஏன் விட்டு வைக்கிறேன்னு ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்லியிருந்தா என்ன? வாய் இருக்கே வாய்.

மார்ச் 12, செவ்வாய்

அண்ணி அறையைப் பெருக்கினார், துணியை மடித்தார், துணிப்பைகளில் அடுக்கினார். தோழிக்குப் போன் செய்துவிட்டார். திங்கட்கிழமை கிளம்புகிறாராம்.

"அண்ணி, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஆகியிருந்தா?"



மார்ச் 13, புதன்

வீட்டுக்காரர் ஒரு புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்! சக்கரம் வைத்தது!

"அக்கா ஒரு பெட்டி வேணும்னு சொன்னா..."

ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அக்கா போறேன்னா, போகாதேன்னு சொல்ல வாய் வராது, பெட்டி வாங்கக் கால் ஓடுமா? இதெல்லாம் சமையலறையில் குரலை அடக்கிக்கொண்டு சொன்னேன். மனிதர் பெட்டியின் கைப்பிடியை இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போகாதேன்னு சொன்னா அவ இன்னும் வேகமா போவா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

அவருக்கும் வலிக்கிறது. எனக்குத் தெரிகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி போகக் கூடாது. எனக்கு வேண்டும். கரண்டி எங்கே வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 14, வியாழன்

இன்று என்னிடம் ஓட்டக் கற்கும் வங்கிக்காரம்மா காரை ரிவர்ஸில் எடுத்து ஒரு கேட்டில் இடித்துவிட்டாள். பின்விளக்கு போயிற்று. இறங்கி அழுதுகொண்டே "எனக்கு இது வராது மேடம், நான் ஆட்டோவிலேயே போயிக்கறேன்" என்றாள். நான் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில், அதே ரிவர்ஸை மறுபடி எடுக்க வைத்தேன். இடித்தவர்களை அன்றைக்கே ஓட்ட வைத்துவிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் சாவியைத் தொடவே மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் நான் தோற்றதில்லை.

வீடு திரும்பும் வழியில் சிக்னலில் நிற்கும்போது உறைத்தது. அட மண்டு! உன் வீட்டிலேயே ஒருத்தர் காரை விட்டு இறங்கி நிற்கிறாரே!

மார்ச் 17, ஞாயிறு

கிரில்லை மூட்டினேன். அண்ணி அறையை விட்டு வரவில்லை. நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். நாலு பேர் முன்னால் கையை உதற மாட்டார் என்று தெரியும், அதனால்தான் பல் டாக்டரையும் கூப்பிட்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் இடுக்கியை அண்ணி கையில் கொடுத்தேன்.

"இனிமே சாம்பல் உங்க டிபார்ட்மென்ட்."

முகம் வெளுத்துவிட்டது. "என்ன விளையாட்டு இது? என்னை நம்பியா?"

"விளையாடல. ஒரு விஷயம் நான் சொல்லவே இல்லை, கேளுங்க. அன்னிக்குக் கரி பழைய மாதிரி திறந்த மூட்டையில இருந்திருந்தா ஷெட்டே போயிருக்கும், வீட்டுச் சுவரும் சேர்ந்து. உங்க டிரம்முக்குள்ள ஒரு துண்டு கூடப் பத்தல. நீங்க காயவச்ச கரியிலதான் இன்னிக்குக் கோழி வெந்துது. சாம்பலுக்குள்ள நெருப்பு எத்தனை நேரம் இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிஞ்சுட்டா என்னைவிட நீங்க நல்லா பண்ணுவீங்க."

பல் டாக்டர் சமயம் பார்த்து, "டிரம் வைக்கிற ஐடியா எங்க வீட்டுக்கும் வேணும் சிஸ்டர்" என்றார். அந்த மனிதருக்கு அடுத்த வாரம் இரண்டு கோழிக்கால் அதிகம்.

அண்ணி மூடியைப் போட்டார். துவாரங்களை ஒவ்வொன்றாக அடைத்தார். பிறகு ஞாபகம் வந்தவராக, "எப்ப அள்ளணும்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை."

"நான் நாளைக்குக் கிளம்பறேனே."

"அப்ப சாம்பலை யார் அள்ளறது? நான் சோம்பேறி. அவருக்கு வாளி எது கிரில் எதுன்னே தெரியாது."

அண்ணி இடுக்கியை மெதுவாகக் கிரில் மேல் வைத்தார். உள்ளே போய்த் தோழிக்குப் போன் செய்தார். வியாழக்கிழமை வருவதாகச் சொன்னது காதில் விழுந்தது. வியாழனுக்கு அடுத்தது என்ன? வெள்ளி, சனி. அதற்கடுத்தது ஞாயிறு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

அண்ணி எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். கிரில்லின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, ஜுரம் பார்ப்பது போல நின்றார். சூடே இல்லை. இருந்தாலும் வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, மறுபடி கிளறினார். சேறாகும் வரை விடவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைக்காமல் இருப்பதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான பகுதி.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

அப்போதுதான் அழுதார். வாளியைக் கீழே வைக்காமலே. நானும் அழுதேன், எழுதிவிடுகிறேன், இதில் என்ன வெட்கம்?

மார்ச் 21, வியாழன்

பெட்டி கூடத்தில் நிற்கிறது. அண்ணி கடைக்குப் போய்ப் பெரிய மூடியோடு ஒரு இரும்பு வாளி வாங்கி வந்தார். பழைய வாளியின் மூடி சரியாகப் பொருந்தவில்லையாம். ஊருக்குப் போவது பற்றி ஒரு பேச்சும் இல்லை.

நானும் கேட்கவில்லை. கற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மழை வந்தும் கரி காய்ந்தே இருந்தது. கத்தரிக்காய் கொஞ்சம் கருகிவிட்டது, அது வீட்டுக்காரர் புரட்டியது. வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, கருகலும் கொழுப்புமாக இருந்த கிரில்லைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றிற்றோ, அதிசயமாகத் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வச்சிட்டு உள்ளே வாடா" என்றார் அண்ணி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. "செவ்வாய்க்கிழமை அள்ளிக்கலாம்."

பிறகு மழைக்காற்று குளிர்கிறது என்று போர்வை எடுக்கப் போனேன். அலமாரியில் இல்லை. வீட்டுப் போர்வைகள் எல்லாவற்றையும் துவைத்து மடித்து, அண்ணி தன் புதுப் பெட்டியில் அடுக்கி, பரண் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். பெட்டியின் மேல் சீட்டு: 'போர்வை'.