அம்மா பஸ்ஸில் வந்த இருபத்திரண்டு நாள்

என் செல்ல அம்மாவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இன்று ஊர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். யாராவது ஒருத்தி வாசிக்கும்போது உன் காதிலும் விழும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அப்பா நன்றாக இருக்கிறார், காது மட்டும் மந்தம். வெல்லமண்டி வேலையை விட்டுவிட்டார். தம்பிகள் இருவரும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். நான் அதே கண்டோன்மென்ட் ஆபீஸில், அதே டைப்ரைட்டர் முன்னால். முப்பத்திரண்டு வயதாகிறது. களைப்பாக இருக்கிறது அம்மா. வேலையால் வந்த களைப்பு இல்லை. என்ன களைப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் ஆபீஸில் கமலா என்னிடம் வந்து அழுதாள். புதிதாகச் சேர்ந்த பெண், முசிறிக்காரி, பத்தொன்பது வயது. உறையூரில் மாமா வீட்டில் தங்கி வேலைக்கு வருகிறாள். பஸ்ஸில் ஒருவன் தினமும் அவள் பக்கத்தில் வந்து நிற்கிறானாம், உரசுகிறானாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் வாய் பேசிவிட்டது. “வீட்டுல சொல்லாதே கமலா. சொன்னா வேலை போயிடும்.”

“சரிக்கா,” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டாள். போகும்போது எனக்கு நன்றி வேறு சொன்னாள்.

அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் நான் சொன்னது என் வார்த்தை இல்லை. உன் வார்த்தை.

எனக்கு இருபத்தொரு வயது அப்போது. ஸ்ரீரங்கத்திலிருந்து எட்டேகால் பஸ். வெள்ளை வேட்டி, மடித்துப் பிடித்த குடை, நெற்றி நிறைய நாமம். நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆள்தான். அப்பாவைப் பார்த்தால் நின்று பேசிவிட்டுப் போகிறவர். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அவர் கை என் முதுகில் வரும். முதல் வாரம் தெரியாமல் பட்டது என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் அப்படி நினைக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாய்.

“என்னடி ஆச்சு? உண்மையைச் சொல்லு.”

சொன்னேன். நீ அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, “அப்பாகிட்ட சொல்லாதே. சொன்னா வேலை போயிடும்,” என்றாய். அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை நீ குளித்து, பட்டுக்கரைப் புடவை கட்டி, கையில் தேங்காய் பழப் பையோடு நின்றாய். அப்பா கேட்டதற்கு, “மாணிக்க விநாயகருக்கு ஒரு மண்டலம் வேண்டிக்கிட்டிருக்கேன். இவளோடயே பஸ்ல போயிட்டு வந்துடறேன்,” என்றாய்.

கோயிலுக்கு என்றால் அப்பா எதுவும் கேட்க மாட்டார். அது உனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் நீ தனியாகத் தெருமுனை தாண்டியதில்லை அம்மா. கடைத்தெருவுக்குக்கூட யாராவது துணை வேண்டும் உனக்கு. ஆனால் என்னோடு கண்டோன்மென்ட் வரை வந்து, என்னை ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு, நீயே பஸ் பிடித்துத் தெப்பக்குளத்தில் இறங்கி, மலைக்கோட்டை அடிவாரத்தில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, மறுபடி பஸ் ஏறி வீடு திரும்பினாய். முதல் நாள் சில்லறையை என்னிடம் கொடுத்து டிக்கெட் எடுக்கச் சொன்னாய். ஒரு வாரத்தில் கண்டக்டரிடம், “சில்லறை இல்லேன்னு சொல்லாதீங்க தம்பி,” என்று அதட்டினாய். ஒரு நாள் தப்பான பஸ்ஸில் ஏறி உறையூர் போய்விட்டதை என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்த ஆள் பின்னாலேயே நின்றுகொண்டார். இருபத்திரண்டாம் நாள் கூட்டம். நமக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. நீ ஒரு கம்பியைப் பிடித்து நின்றாய், நான் இரண்டு ஆள் தள்ளி. பாலம் வந்தது. கை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது உன் குரல்தான் கேட்டது. “ஏன்டா, உன் வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் பஸ்ல வரதில்லையா?” அந்தத் தேங்காய்ப் பையைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தாய். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம்.

பஸ்ஸில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. திறந்தவர் ஒரு பெரியவர். அவரும் நம்மிடம்தான் பேசினார். “வயசுப் பொண்ணை வேலைக்கு அனுப்பினா இப்படித்தாம்மா ஆகும்.” தெப்பக்குளத்தில் கண்டக்டர் வண்டியை நிறுத்தி, “நீங்க ரெண்டு பேரும் இறங்கிடுங்கம்மா. தகராறு வேணாம், நேரமாகுது,” என்றார். நாம் இறங்கினோம். அந்த ஆள் நாம் விட்ட இடத்தில் நின்று, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, அதே பஸ்ஸில் போனார். நாம் கண்டோன்மென்ட் வரை வெயிலில் நடந்தோம்.

சாயங்காலம் நான் வருவதற்குள் பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்தார். “பொண்ணு பேரு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாறுது. அம்மாவும் மகளும் ரோட்டுல சண்டை போடற குடும்பமாப்பா நாம?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சத்தம் போடவில்லை. “நாளையிலேருந்து ரெண்டு பேரும் போக வேணாம்,” என்றார். அவ்வளவுதான். அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதை நீ மறந்திருப்பாயா? சமையற்கட்டில் உன் பின்னால் வந்து நின்று, “நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா என் வேலை போயிருக்காது,” என்றேன்.

நீ திரும்பவில்லை. “அவன் கை பட்டப்போ நீ கண்ணை மூடிக்கிட்ட. அதைப் பார்த்தப்புறம் எனக்கு வேற ஒண்ணும் தெரியலடி,” என்றாய்.

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். பேசி முடித்திருந்த வரன், பஸ் விஷயம் காதில் விழுந்ததும் விலகிப் போனது. எட்டு மாதமும் உன்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் ஆபீஸிலிருந்து ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தது. அப்பா அதை மடித்து வைத்தார். நீ தட்டில் சோறு போட்டபடியே, “அந்த ஆளு இன்னும் அதே பஸ்லதான் போறான். அவனை யாரும் வீட்டுல உக்கார வெக்கலையே?” என்று கேட்டாய். அப்பா சாப்பிடாமல் எழுந்துபோனார். இரண்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோடு சேர்ந்து போய் வருவதானால் போகலாம் என்றார்.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உனக்கு? உன் பஸ் உனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. “மண்டலம் பாதியில நின்னுடுச்சே” என்று நீ இரண்டொரு முறை சொன்னபோது, பிள்ளையாரைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். பத்து வருஷம் கழித்து உன்னைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் கொண்டுபோனபோது, மூச்சு வாங்கிக்கொண்டே தலையைத் தூக்கி ஜன்னல் வழியாகப் பார்த்து, “இது எந்த ஸ்டாப்புடி?” என்று கேட்டாயே. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குமேல் நாள் இல்லை.

நீ கத்தியது சரியா, முதலில் மறைத்தது சரியா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். மறைத்தால் அவன் கை நிற்பதில்லை. கத்தினால் நம் கால் நின்றுபோகிறது. இரண்டுக்கும் நடுவில் வேறு வழியே வைக்கவில்லை இந்த ஊர். பதினோரு வருஷம் ஆகியும் கமலாவுக்கு என்னிடம் கொடுக்க இருந்தது அந்த ஒரு வரிதான். அதுதான் என் களைப்பு.

நாளைக் காலை உறையூர் போய் அவளோடு பஸ் ஏறப் போகிறேன். போகிற வழியில் நம் கதை முழுவதையும் அவளிடம் சொல்லிவிடுவேன். வேலை போனது, வரன் போனது, எதையும் குறைக்காமல். வாயை மூடிக்கொள் என்றோ, கத்து என்றோ சொல்ல மாட்டேன். உனக்கு என்ன வேண்டும் கமலா என்று கேட்பேன். மாமாவிடம் பேச வேண்டுமென்றால் நான் வருகிறேன், போலீஸுக்குப் போக வேண்டுமென்றால் அங்கும் வருகிறேன், கூடவே பயணம் செய்தால் போதும் என்றால் ஒரு மண்டலம் இல்லை, ஒரு வருஷமும் வருகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு நம் வீட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை அம்மா. உன்னிடம் நான்கூடக் கேட்கவில்லை.

உன்னோடு எட்டு மாதம் பேசாமல் இருந்த
உன் மூத்த மகள்,
சுலோச்சனா